மிதிக்காத இடம்

எங்கள் வீட்டில் தரை துடைப்பது நான்தான். திருமணமான நாளிலிருந்து அப்படித்தான். சுந்தரவல்லி சமைப்பாள், நான் துடைப்பேன். லேக் மார்க்கெட்டில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஈரத் துணி போன வழியில் தரை கறுக்கும். பிறகு மெல்ல வெளுத்துக் காயும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும்.

தமிழில் எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. தாத்தா காலத்திலிருந்து கல்கத்தாவில் இருக்கிறோம். வங்காளி பேசுவேன், எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினால் அலுவலக அறிக்கை போல ஆகிவிடும். என் அறிக்கைகளை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

என் பெயர் ரங்கராஜன். அந்த மருத்துவமனையில் தர மேலாளராக இருந்தேன். தரை, கழிவு, தொற்றுத் தடுப்பு எல்லாம் என் பொறுப்பு.

அந்த இயந்திரம் வந்தபோது யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. முழங்கால் உயரம் இருக்கும். முன்னால் கேமரா, அடியில் ஊதா விளக்கு. அது தரையைச் சுத்தம் செய்யாது. சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். துடைத்து முடித்ததும் தானாகக் கிளம்பி வார்டு வார்டாக ஊர்ந்து போகும். என் கணினியில் கட்டடத்தின் வரைபடம் இருக்கும். சுத்தமான இடம் பச்சை. சந்தேகமான இடம் மஞ்சள். அழுக்கு என்றால் சிவப்பு.

துப்புரவுப் பெண்கள் அதற்குப் பிஷிமா என்று பெயர் வைத்தார்கள். வங்காளத்தில் அப்பாவின் சகோதரியை அப்படிக் கூப்பிடுவார்கள். பண்டிகைக்கு வந்து தங்கி, மூலை மூலையாகப் பார்த்துக் குறை சொல்லும் அத்தை. பிஷிமா வருகிறாள் என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் வாளியை ஒதுக்கிக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். அவர்களுக்குத் தலைவி ஷெஃபாலி. சோனார்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் வருபவள். தன் மாமியார்கூட இவ்வளவு குனிந்து பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு அதைப் பிடித்திருந்தது. மனிதர்கள் முகம் பார்த்துச் சுத்தம் என்பார்கள், முகம் பார்த்து அழுக்கு என்பார்கள். இயந்திரத்துக்கு முகம் தெரியாது. ஒரு வருடத்தில் கட்டடம் முழுவதும் பச்சையானது. நிர்வாகம் அந்த வரைபடத்தை நுழைவாயிலில் பெரிய திரையில் போட்டது. வேறு மருத்துவமனைகளிலிருந்து பார்க்க வந்தார்கள். நான்தான் விளக்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

லட்சுமி பூஜை அன்று ஒரு சிக்கல் வந்தது. ஆயாக்கள் டயாலிசிஸ் வார்டு வாசலில் ஆல்பனா போட்டிருந்தார்கள். அரிசி மாவைக் கரைத்து விரலால் இழுத்த நெற்கதிர்கள், நடுவில் வார்டுக்குள் நடந்து வருவது போல லட்சுமியின் சின்னப் பாதங்கள். பிஷிமா அவற்றை அழுக்கு என்று எடுத்துக்கொண்டாள். வாசல் முழுவதும் சிவப்பு. அன்று அதை அழிக்கச் சொல்ல யாராலும் முடியாது. நானும் சொல்ல மாட்டேன். இயந்திர நிறுவனத்தின் பொறியாளர் அக்ஷய் வந்து, திரையில் அந்த இடத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தார். காரணம் கேட்டது. பூஜை அலங்காரம் என்று தேர்ந்தெடுத்தார். கோட்டுக்குள் இருந்த தரை சுவரின் நிறத்துக்கு மாறியது. இனிமேல் இயந்திரம் அங்கே போகாது, கணக்கிலும் அந்த இடம் வராது, அதைப் பொறுத்தவரை அங்கே தரையே இல்லை என்று விளக்கினார். பூஜை முடிந்ததும் கோட்டை எடுத்துவிடச் சொன்னார்.

எடுத்துவிட்டேன். அந்தக் கோட்டை எடுத்தேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுந்தரவல்லிக்கு அந்த வருடக் கோடையில் சிறுநீரகங்கள் நின்றுபோயிருந்தன. சர்க்கரை நோய். டயாலிசிஸுக்காகக் கையில் செய்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது, அதனால் கழுத்தில் குழாய் போட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை அவள் இதயம் தாங்காது என்றார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வேறு வழியில்லை. ஊழியரின் மனைவி என்பதால் எங்கள் வார்டிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது.

படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். உட்கார்ந்தே தூங்குவாள். காலையில் காபிக்கு முன்னால் அவள் கணுக்காலில் என் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். குழி விழும். அது மெல்ல மேலே வரும். வர நேரமானால் அன்று அவள் பேச மாட்டாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் குழி மேலே வரும்வரை நான் விரலை எடுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதவில்லை.

டிசம்பரில் டயாலிசிஸ் வார்டின் நான்காம் நாற்காலிக்குப் பின்னால் சிவப்பு வந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகும் சிவப்பு. மறுநாள் ஷெஃபாலியே மண்டியிட்டுத் தேய்த்தாள். மருந்து பட்டு அவள் விரல் நுனிகள் உரிந்துவிட்டன. பிஷிமா வந்து பார்த்துவிட்டு மறுபடியும் சிவப்பு என்றாள். சிவப்பு தொடர்ந்தால் துடைத்தவளை வேலையிலிருந்து எடுப்பது எங்கள் வழக்கம். வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். ஷெஃபாலி என் அறை வாசலில் நின்று, பிஷிமாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டு அழுதாள்.

வார்டு காலியாக இருந்த நேரத்தில் நான் போய் மண்டியிட்டேன். டைலின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டைல் லேசாக இறங்கியது. இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் மேலே வந்தது. விரலை எடுத்தேன். தண்ணீர் உள்ளே போய்விட்டது.

பிஷிமா சரியாகத்தான் சொல்லியிருந்தாள். சுவருக்குள் கழிவுக் குழாய் விரிசல் விட்டிருந்தது. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த நீர் போக வழியில்லாமல் தரைக்கு அடியில் தேங்கிக்கொண்டிருந்தது. அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் செவிலியர்களுக்கு அந்த வகுப்பை எடுத்தவன் நான். கையுறை போட்ட கை ஈரமான குழாயைத் தொடும். பிறகு நோயாளியின் கழுத்துக் குழாயைத் தொடும். அவ்வளவு போதும்.

இப்படி இருந்தால் வார்டை மூட வேண்டும். சுவரை உடைத்துக் குழாயை மாற்றி, தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு, பரிசோதனை செய்து திறக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். சுந்தரவல்லியால் நான்கு நாள்கூடத் தாங்க முடியாது. அன்று மாலை எனக்குத் தெரிந்த எல்லா இடங்களுக்கும் ஃபோன் செய்தேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். சிலரிடம் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவன் அல்ல. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வரிசை இருந்தது.

அன்று கோடு இழுத்தேன். காரணம் கேட்டது. பூஜை அலங்காரம் என்று தேர்ந்தெடுத்தேன்.

டிசம்பரில் இங்கே அப்படி எந்தப் பூஜையும் இல்லை. நோயாளியின் நாற்காலிக்குப் பின்னால் யாரும் ஆல்பனா போடுவதும் இல்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் பூஜைக்காக என்று ஒன்று இருந்தால் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மறுநாள் வார்டு முழுப் பச்சை. ஷெஃபாலி புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வேலை தப்பியது. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சுந்தரவல்லியின் நாற்காலி ஐந்தாவது. அதே வாரம் அவளை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன். தொற்றுத் தடுப்புக் காரணம் என்று சொன்னால் யார் எங்கே உட்காருவது என்பதை நான் மாற்றலாம். காரணம் உண்மையானதும்கூட. அவள் இடத்துக்கு பெஹாலாவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். வரலாறு கற்பித்தவர். முன்பெல்லாம் சுந்தரவல்லிக்கு வங்காளிப் பத்திரிகை படித்துக் காட்டுவார். ஜன்னல் தூரமாகிவிட்டதால் அது நின்றுபோனது.

ஜனவரியில் அவருக்கு நாற்காலியிலேயே நடுக்கம் வந்தது. பல் கிட்டிவிட்டது. போர்வை மேல் போர்வை போர்த்தினார்கள். அடுத்த வாரம் இறந்துவிட்டார். பிறகு நான்காம் நாற்காலியில் இருந்தவருக்கு வந்தது. கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்திருந்தவர். அவரும் இறந்துவிட்டார்.

டாக்டர் சன்யால் கூட்டம் போட்டார். கவனமான மனிதர். இரண்டு பேரின் ரத்தத்திலும் ஒரே கிருமி, தண்ணீரில் வளரும் கிருமி, எங்கேயோ ஈரம் இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சுத்திகரித்த தண்ணீர், இயந்திரங்கள், மருந்து, கைகள். கடைசியில் என் பக்கம் திரும்பித் தரை எப்படி என்று கேட்டார். நான் வரைபடத்தைத் திரையில் போட்டேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். சரி, தரை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. வரைபடத்தைக் காட்டினேன். அது பச்சையாக இருந்தது.

தரை இல்லை என்றான பிறகு அவர்கள் வேறு இடங்களில் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். வடிகட்டிகளை மாற்றினார்கள். கை சரியாகக் கழுவவில்லை என்று ஒரு செவிலியை வேறு தளத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் அழவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நான் கோட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

அதற்குள் நோயாளிகளிடையே பேச்சு வந்துவிட்டது. நான்காம் நாற்காலி ஒபொயா, ராசியில்லாதது என்றார்கள். அதில் உட்கார மறுத்தார்கள். வெளியே இடத்துக்காக ஆட்கள் காத்திருக்கும்போது உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் சன்யால் இரண்டு முறை அதைத் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலி கேள்வியை உண்டாக்கும்.

மாரியப்பன் அப்போதுதான் என்னிடம் வந்தார். தூத்துக்குடிக்காரர். கித்தர்பூர் துறைமுக டாக்கில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாலை முறையில் அவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மனைவி கோமதி இருட்டிய பிறகு வீடு திரும்பப் பயப்படுவதால் காலை முறைக்கு மாற முடியுமா என்று கேட்டார். மாற்றித் தருகிறேன் என்றேன். எந்த நாற்காலி என்பதையும் சொன்னேன்.

"நாலாம் நம்பரா சார்? அதுல உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான்னுல்லா பெங்காலிக்காரங்க பேசிக்கிடுதாங்க."

"அதெல்லாம் சும்மா பேச்சு" என்றேன்.

"எனக்கென்ன பயம். டாக்ல எலியோட படுத்து எந்திரிச்சவன் நான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்மாளு ஒருத்தர் இங்க இருக்கீங்கன்னுதான் இவளே தைரியமா இருக்கா."

கோமதி அவர் கையைத் தட்டினார். "சும்மா இருங்க. சார் கேட்டவுடனே குடுத்திருக்காங்க. எலி, பூனைன்னுக்கிட்டு."

அவர் கேட்டார், நான் கொடுத்தேன். அவர் கழுத்துக் குழாய் புதிது என்பது எனக்குத் தெரியும்.

அவர் வந்த பிறகு வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அரைகுறை வங்காளியில் எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். ஷெஃபாலியை பௌதி, அண்ணி என்று கூப்பிடுவார். தாகத்துக்கு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இதுதான் எனக்கு இன்றைய சரக்கு என்பார். சுந்தரவல்லி ஜன்னல் ஓரத்திலிருந்து சிரிப்பாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. கோமதி அவளுக்கென்று காயை நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் பொரியல் செய்து கொண்டுவருவார். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒருநாள் நான் வார்டைக் கடந்தபோது மாரியப்பன் கூப்பிட்டார்.

"சார், உங்க பிஷிமா எல்லார்கிட்டயும் போறா. என் சேர் பக்கம் வந்தா மட்டும் ஒதுங்கிப் போறாளே. நான் குளிச்சிட்டுத்தான வாரேன்."

வார்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மார்ச்சில் அவருக்கு நடுக்கம் வந்தது. கிருமி இதய வால்வில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஒருநாள் போய்ப் பார்த்தேன். வாயில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நாளில் இறந்தார். உடலைச் சீக்கிரம் வாங்கிக் கொடுத்து, வண்டி ஏற்பாடு செய்து, காளிகாட் பக்கத்து மயானம்வரை நானும் போனேன். திரும்பும்போது கோமதி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணிருப்போம் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து தரை துடைத்தேன். இரண்டு முறை துடைத்தேன்.

இனி வருவதை சுந்தரவல்லி உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது உண்மை. இருந்தாலும் என் பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் நடக்கும்போது அவளுக்கு வேறு வேலை இல்லை. நான்கு மணி நேரம் ஜன்னலைப் பார்ப்பாள் அல்லது வார்டைப் பார்ப்பாள். நான் சுற்றிவரும்போது என்னைப் பார்ப்பாள். மாரியப்பன் இறந்த வாரம், ஒரு மதியம், வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நாலாம் நாற்காலிகிட்ட வந்தா நீங்க சுத்திண்டுதான் போறேள். அந்த எடத்த மிதிக்கறதே இல்ல. பிஷிமாவும் மிதிக்கறதில்ல. அங்க என்ன இருக்கு?"

நான் அப்படி நடந்தது எனக்கே தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவளிடம் நான் எப்போதும் பொய் சொன்னதில்லை. கேட்டாள், சொன்னேன். குழாய், ஈரம், கோடு. அவள் கையைச் சோற்றிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாரியப்பன்கிட்ட சொன்னேளா?"

"சொன்னா உக்காருவாரா?"

"என்னை ஜன்னலண்ட மாத்தினது இதுக்குத்தானா?"

"ஒனக்காகத்தான்."

அவள் கழுத்துக் கட்டின்மேல் இடது கையை வைத்துக்கொண்டாள். பிறகு வேறொன்று சொன்னாள். போன மாதம் அவளுக்கு ஒரு ஃபோன் வந்ததாம். ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில் ஒரு சின்ன டயாலிசிஸ் மையம். டிசம்பரில் உங்களுக்கு இடம் கேட்டிருந்தார்கள், திங்கட்கிழமையே வாருங்கள் என்று சொல்லியிருந்தோம், வரவில்லை, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்களாம். தப்பான நம்பர் என்று நினைத்து வைத்துவிட்டாளாம்.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். அன்று மாலை நான் பேசிய இடங்களில் ஒன்று சரி என்றது.

"அங்க போலாம்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பாலத்துல எப்பவும் ட்ராஃபிக். ஒன்னால முடியாதுன்னு நெனச்சேன்."

அவள் எழுந்து கை கழுவினாள். சாப்பிட்ட தட்டையும் கழுவி வைத்தாள். நின்றுகொண்டு செய்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். கொடுக்கவில்லை. ஒரு பையில் மாத்திரைகளையும் இரண்டு புடவைகளையும் வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். கோமதி வீட்டுக்கு என்றாள். அவளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது தடுமாறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் தோள் பக்கத்தில்தான் இருந்தது.

இருவரும் சேர்ந்து உங்களிடம் புகார் கொடுக்க வந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கோமதி வீடு இருக்கும் கித்தர்பூரிலிருந்து பாலம் பக்கம்தான். சாந்த்ராகாச்சிக்கு நேர் வழி. கோமதி அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார் என்று சொன்னீர்கள். மாரியப்பன் படுத்த கட்டிலை அவளுக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். கால் வீக்கம் வடிந்திருக்கிறதாம். யார் அழுத்திப் பார்க்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இவ்வளவும் மனைவிக்காக என்கிறீர்கள், அவள் அந்த வார்டை விட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் வந்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து, இடையில் ஏன் கோட்டை எடுக்கவில்லை என்று கேட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அறையில் வரைபடத்தைத் திறந்தேன். கோட்டின்மேல் விரலை வைத்தால் நீக்கவா என்று கேட்கும். கேட்டது. நீக்கினால் அந்த இடம் சிவப்பாகும் என்று எனக்குத் தெரியும். இப்போது உள்ளங்கை அளவு இருக்காது. நான்காம் நாற்காலியிலிருந்து ஆறாவது வரை சிவப்பாகும். அடுத்த வாரம் தரச் சான்றிதழுக்காக டெல்லியிலிருந்து குழு வரவிருந்தது. நுழைவாயில் திரையின் முன்னால் நின்று அவர்களுக்கு விளக்குவதற்காக ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன். அந்த உரையை சுந்தரவல்லிக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

விரலை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாதனா என்ற பெண்ணுக்கு இடம் கேட்டு வந்தார்கள். ஜாதவ்பூரில் படிப்பவள். பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான், அதுவும் போய்விட்டது. அவள் அம்மா டயாலிசிஸ் வார்டில் ஆட்கள் இறப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். இடம் சுத்தமாக இருக்குமா என்று மூன்று முறை கேட்டார். நான் கோபப்படவில்லை. அவரை நுழைவாயிலுக்கு அழைத்துப்போய் வரைபடத்தைக் காட்டினேன். எந்த நிறம் எதற்கு என்று நிதானமாக விளக்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் ஓர நாற்காலியும் காலியாகத்தான் இருந்தது. அவளை நான்காவதில் உட்கார வைத்தேன். நான்காவது காலியாக இருந்தால் குழுவினர் கேட்பார்கள்.

சாதனாவுக்கு நேற்றுக் காலை நினைவு திரும்பியதாகச் சொன்னீர்கள். நல்லது.

ஆக, குழாய் உடைந்தது எனக்குத் தெரியும். யார் யாரை அதன் பக்கத்தில் உட்கார வைத்தேன் என்பதும், அவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். டாக்டர் கேட்டபோது மறைத்தேன். மூன்று பேர் இறந்தார்கள். மறுப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இந்த அறையின் தரை மோசமாக இருக்கிறது. நானே துடைக்கிறேன் என்று ஒரு துணி கேட்டேன். இன்னும் தரவில்லை.

மொழிபெயர்ப்பவர் எதை விட்டாலும் ஒரு வரியை விடாமல் எழுதச் சொல்லுங்கள். நான் இதையெல்லாம் என் மனைவிக்காகச் செய்தேன்.